புவனேந்திரனின் மூன்று தட்டுகள்

பூனாகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்தடிக்கிற வேலை பார்க்கும் புவனேந்திரனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இரண்டு பொருளைக் கண்டாலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டான். பசறைக்குப் போகிற பஸ்களில் எது வளைவில் அதிகம் சாய்கிறது என்று கேட்காமலே சொல்வான். பெண் பார்க்கப் போன இடத்தில் அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் தேத்தண்ணி வந்தபோது, இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதில் சாயம் கொஞ்சம் தூக்கல் என்று தீர்ப்புச் சொன்னான். இரண்டும் ஒரே கேத்தலில் இருந்து ஊற்றியவை. ஊற்றிய சிவசக்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு அவனையே கட்டிக்கொண்டாள். ஏன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இருபது வருஷமாக மருந்து டாங்கியைச் சுமந்ததில் அவனுடைய இடது தோள் தேய்ந்துவிட்டது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாது. டாங்கியை இறக்கி வைக்க ஒரு வழி கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான், பழைய துரை பங்களாவை ஹோட்டலாக நடத்தும் மனேஜர் நிஷாந்த் ஒரு புது விளையாட்டைக் கொண்டுவந்தான். புல்மேட்டில் ஒன்பது இரும்புக் கம்பம். ஒவ்வொன்றிலும் சங்கிலி தொங்கும் ஒரு கூடை. தூரத்தில் நின்று பிளாஸ்டிக் தட்டை வீசி, குறைந்த வீச்சில் கூடைக்குள் போட வேண்டும். கொழுந்து நிறுக்க வந்த புது மிஷின் என்று நினைத்து லயத்து வரிசை வீட்டு ஆட்கள் நாலைந்து நாள் அந்தக் கம்பங்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

முதல் நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வந்த புவனேந்திரன், வீட்டுக் குழம்புச் சட்டியின் மூடியை எடுத்து வீசிப் பார்த்தான். அருமையாகப் பறந்தது. பறந்து ஓடைக்குள் போனது போனதுதான். சிவசக்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அவன் பயந்திருக்க வேண்டும், பயப்படவில்லை.

மருந்தடிக்கிறவனுக்குக் காற்று தெரியாவிட்டால் மருந்து அவன் மூஞ்சிக்கே வரும். ஆகவே தட்டு எந்தக் காற்றில் எங்கே போகும் என்று அவன் சொன்னதெல்லாம் பலித்தது. நிஷாந்த் அசந்துபோய், மூன்று தட்டுகளைக் கையில் கொடுத்து வீட்டில் வைத்துப் பழகச் சொன்னான். மூன்றும் ஓவர்ஸ்டேபிள் டிரைவர் என்கிற ஜாதி. வெகுதூரம் போகும், வலதுகைக்காரன் புறங்கையால் எப்படி வீசினாலும் கடைசியில் இடப்பக்கம் சாய்ந்தே தீரும். எப்போது சாயும் என்பதில்தான் வித்தியாசம்.

விடுவானா புவனேந்திரன்? மூன்றுக்கும் பேர் வைத்தான். சிவப்பு, மச்சினன்: கையைவிட்டுக் கிளம்பியதுமே இடப்பக்கம் திரும்பி, தனக்கு வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். மஞ்சள், பசறை பஸ்: எதிர்க்காற்றில் முதலில் வலப்பக்கம் ஒரு ஆட்டம் ஆடும், ஆட்கள் கத்துவதற்குள் இடப்பக்கம் வந்துவிடும். நீலம், தலைவர்: நம்மோடு நேராகவே வருவார், நம்பிக்கை வந்து நாலு பேர் பின்னால் சேர்ந்ததும் கடைசி நிமிஷத்தில் மடங்கிவிடுவார்.

மூன்றில் நீலம்தான் அவனுக்கு உயிர். ஐந்தாம் கூடை ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு பாறைக்குப் பின்னால் இடப்பக்கமாக இருந்தது. பாறையைத் தாண்டும்வரை நேராகப் போய், தாண்டியதும் மடங்கும் தட்டு அது ஒன்றே. இதைத் தினமும் சாப்பிடும்போது சிவசக்திக்கு விளக்குவான். அவள் சோறு போடுவாள்.

நிஷாந்த் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னான்: மைதானத்தைப் பார்த்துக்கொள்ளவும், வருகிறவர்களுக்கு எந்த இடத்தில் எந்தத் தட்டு என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டும் அவன் சொல்கிறபடி பறந்தால் வேலை அவனுக்கு. புவனேந்திரன் அன்றைக்கே டாங்கியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டான். அந்த வாரம் முழுக்க அடைமழை. மருந்தும் அடிக்கவில்லை, தட்டும் வீசவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேச்சு மட்டும்தான்.

ஞாயிறு வெளுத்தது. அரைவாசி லயம் புல்மேட்டுக்கு வந்துவிட்டது. மச்சினன் சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. பசறை பஸ் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. ஐந்தாம் கூடைக்கு வந்ததும் புவனேந்திரன் தொண்டையைச் செருமி, தலைவர் பாறையைத் தாண்டியதும் பணிவாக இடப்பக்கம் மடங்கிக் கூடையடியில் விழுவார் என்று அறிவித்துவிட்டு வீசினான்.

தலைவர் மடங்கவில்லை. பாறையைத் தாண்டி நேராகவே போய் ஹோட்டலின் கோழிக்கூட்டுக் கதவில் மோதினார். கதவு திறந்துகொள்ள, பதினாறு கோழிகளும் வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைப் பக்கம் ஓடின. கை வழுக்கியிருக்கும் என்று நிஷாந்த் இன்னொரு தடவை தந்தான். மறுபடியும் நேராகவே போனது. இந்தத் தடவை அடி, பாவம், சேவலுக்கு.

புவனேந்திரனுக்குத் தோள் விண்விண் என்று தெறித்தது. நாளைக் காலையில் அதே டாங்கி. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்; ஏதோ வாடை அடிக்கவே முகர்ந்தான். கருவாட்டுக் குழம்பு. கூட்டத்தில் நின்ற சிவசக்தியைப் பார்த்தான்.

அவள் ஒளிக்கவில்லை. "மூடியத்தான் நீங்க ஓடைக்குள்ள விட்டுட்டீங்களே. மழையில இதத்தான் சட்டி மேல வச்சு மூடுனேன்" என்றாள். "சட்டிய விட இது அகலம். சூட்டுல ஓரம் கீழ இறங்கிருச்சு. இனி அது மடங்காதுங்க, நேராத்தான் போவும்."

அப்படியானால் அந்த வாரமெல்லாம் நீலத் தட்டின் பெருமையை அவன் பேசப் பேச, அது அவன் கண்ணெதிரே சட்டிமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கூட்டம் சிரித்தது. நிஷாந்த் சிரிக்கவில்லை. நேராகப் போகும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அவளைக் கேட்டான். போஞ்சிப் பாத்தியில் குரங்கு விரட்டும்போது மூன்றையும் வீசிப் பார்த்திருக்கிறாளாம். சிவப்பு குரங்குக்கு எட்டாதாம். மஞ்சளைக் குரங்கே பிடித்துவிடுமாம். நீலம் சட்டிச் சூடு பட்ட பிறகு நேராகப் போய்க் குரங்கு மேலேயே விழுகிறதாம்.

நிஷாந்த் நீலத்தை அவள் கையில் கொடுத்தான். அவள் நாலு எட்டு வலப்பக்கம் தள்ளி, பாறைக்குப் பக்கவாட்டில் கூடை தெரிகிற இடத்தில் போய் நின்றாள். காற்று அடங்கும்வரை பொறுத்தாள். வீசினாள். தட்டு கோடு போட்ட மாதிரி போய்ச் சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தது. வேலையும் அவள் பக்கம் விழுந்தது.

புவனேந்திரனுக்கு அழுகை வந்தது. வேலை போனதில் பாதி, இருபது வருஷம் பக்கத்திலேயே இருந்தவளுக்கு இவ்வளவு தெரியும் என்று தெரியாமல் போனதில் பாதி. வீட்டுக்கு வந்ததும் ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டான்.

"நீங்க கேக்கலையே" என்றாள் அவள். "நீங்க எங்கிட்ட கேட்டதெல்லாம் கொழம்பு இன்னும் இருக்கான்னுதான்."

மறுநாள் டாங்கியை வலது தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனான். அவள் மைதானத்துக்குப் போனாள். இப்போதெல்லாம் சாப்பிடும்போது தட்டுகளைப் பற்றிப் பேசுவது அவள். சோறு போடுவது அவன்.

மாதக் கடைசியில் பண்டாரவளையில் ஷாஹ்மியின் பாத்திரக் கடைக்குப் போய், குழம்புச் சட்டிக்கு மூடி கேட்டான். ஷாஹ்மி இரண்டை எடுத்து வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்து அரை மணி நேரமாகியும் முடிவுக்கு வர முடியவில்லை. ஷாஹ்மி கடிகாரத்தைப் பார்த்தார். புவனேந்திரன் வாழ்க்கையில் முதல் தடவையாக, எது நல்லது என்று சிவசக்தியிடம் கேட்கப் போனை எடுத்தான்.

அவள் ஐந்தாம் கூடையடியில் ஆட்களோடு நின்றாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "எது நல்லா மூடும்னு பாருங்க" என்றாள். "எது நல்லாப் பறக்கும்னு பாக்காதீங்க."

அவன் தன் கையைப் பார்த்தான். மெல்லிய மூடியின் விளிம்பில் கட்டைவிரல் மேலேயும், நாலு விரல் அடியிலுமாக, தட்டு வீசுகிற பிடியில் இருந்தன. அதைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டு, கனமானதை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.