விரல் வருவதற்குள் பறந்த மீன்கொத்தி

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் (படகுத்துறை) படகு புறப்பட்ட நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை, விரல்கள் பேனாவைப் பிடிக்கவே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உடன் வேலை பார்க்கும் பிஸ்வாஸ் என் முகத்தைப் பார்த்து, "அண்ணா, முஹ் டேடா ஹோ கயா! சலோ ஹாஸ்பிடல்!" என்று கத்தினார். வாய் கோணிவிட்டதாம். டூட்டி முடியட்டும் என்றேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

இதை வாசிப்பவருக்கு முதலில் ஒன்று: கை மரத்துவிட்டது, சற்றுப் படுத்தால் சரியாகும் என்று படுத்துவிடாதீர்கள். எனக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). "சீக்கிரம் வந்ததால கால் தப்பிச்சது. கையும் வரும், மெதுவா," என்றார் மருத்துவர். மூன்று மாத விடுப்பு. முடிவில் அவர் முன்னால் வலது கையால் எழுதிக் காட்ட வேண்டும். எழுதினால் பதிவேடு என்னுடையது. இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஏதாவது ஒரு நாற்காலி.

பிசியோதெரபி (பயிற்சியால் தசைகளைப் பழக்கும் சிகிச்சை) தொடங்கியது. ஒரு ரப்பர் பந்து கொடுத்து, நாள் முழுக்க அமுக்கச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நாள் அதை ஜன்னல் வழியே விட்டெறிந்தேன். இடது கையால்தான்.

பந்தைத் தேடிப் போன என் மனைவி செல்வி, பந்து கிடைக்காமல் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தாள். மகள் கல்யாணத்துக்காக அபர்டீன் பஜாரில் வாங்கிய கேமராவை எடுத்து என் மடியில் வைத்தாள். "சும்மா இருந்தா நாளைத்தான் எண்ணிக்கிட்டு இருப்பீங்க. இதையாவது நோண்டுங்க."

கேமராவின் பொத்தான் வலப்பக்கம் இருந்தது. எனக்குத் தெரிந்து எல்லாக் கேமராவிலும் அப்படித்தான். இடது கைக்கு அங்கே வேலை இல்லை.

பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அலையாத்தி மரங்களும் ஒரு உப்புநீர் ஓடையும் உண்டு. ஓடை நடுவே ஒரு பட்டுப்போன கட்டை. தினமும் காலையில் அதில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். நீல முதுகு, வெள்ளைக் கழுத்து. கேமராவை மூன்றுகால் தாங்கியில் பொருத்தி, விரலைப் பொத்தான்மேல் வைத்துக் காத்திருந்தேன். பறவை வந்தது. அமுக்கு என்றேன். பறவை போனது. அப்புறம் விரல் அமுக்கியது.

நான்கு நாளில் நாற்பத்தொரு படம். எல்லாவற்றிலும் கட்டை மட்டும்.

"ஏங்க, அந்தக் கட்டைக்கு ஆதார் கார்டு எடுக்குறீங்களா?" என்றாள் செல்வி.

எதையும் அழிக்க எனக்கு மனம் வராது. ஒரு நோட்டில் இடது கையால் கட்டம் போட்டேன்: தேதி, பறவை வந்த நேரம், தாமதம், காரணம். ஜெட்டிப் பதிவேட்டிலும் இதே வரிசைதான். நான் "இப்போ" என்றதும், கேமரா கிளிக் ஆகும்வரை செல்வி எண்ணுவாள். முதல் வாரத் தாமதம், நான்கு எண்ணிக்கை.

"காரணம்னு என்னடி எழுத?"

"மழைன்னு போடுங்க."

"வெயில் கொளுத்துது!"

"ஆமா, ஜெட்டியில மட்டும் உள்ளது உள்ளபடியா போட்டீங்க?"

முப்பத்து மூன்றாம் நாள், படத்தின் மூலையில் ஒரு வால் நுனி. நாற்பத்து நான்காம் நாள், பாதி இறக்கை. படங்களை வரிசையாகப் பார்த்த பிசியோதெரபி மேடம் சிரித்துவிட்டார். "சார், எங்க ரிப்போர்ட்டைவிட இது தெளிவா இருக்கு."

ஆனால் ஒரு எண்ணிக்கைக்கு வந்தபின் தாமதம் குறையவே இல்லை. இரண்டு வாரம் பாதிப் பறவைகள்தான். "அந்த ஒண்ணு இனிமே அப்படியே இருந்தாலும் இருக்கும், சார்," என்றார் மேடம் தயங்கியபடி. ஒரு எண்ணிக்கை பிந்தும் கையால் எழுதினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வீட்டில் முயன்று பார்த்திருந்தேன். விடுப்பில் மீதி இருபத்தாறு நாள்.

மறுநாள் கேமராவைத் தொடவில்லை. வெறுமனே உட்கார்ந்து பறவையைப் பார்த்தேன். அத்தனை நாளும் பொத்தானையும் விரலையுமே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கிளம்பும் முன் மீன்கொத்தி இரண்டு முறை தலையை ஆட்டியது. அடுத்த முறையும் அப்படியே. அதன் பிறகுதான் பாய்ந்தது.

அடுத்த காலை, முதல் தலையாட்டலிலேயே விரலுக்குச் சொல்லிவிட்டேன். கட்டைக்குமேல் இரண்டு இறக்கையும் விரித்த முழு மீன்கொத்தி கிடைத்தது. செல்வி போட்ட சத்தத்தில் ஓடையில் நின்ற கொக்குகளும் கிளம்பிவிட்டன.

எழுத்துக்கும் அதே வழியைப் பிடித்தேன். ஓர் எழுத்து முடியுமுன்பே அடுத்ததைக் கைக்குச் சொல்லிப் பழகினேன். கடைசி நாளில் மருத்துவர் தேதியை எழுதச் சொன்னார். தேதி, கிழமை, மணி, நிமிடம் எல்லாம் எழுதினேன். "தேதி மட்டும்தான் கேட்டேன்," என்று சிரித்தபடி சான்றிதழில் கையெழுத்திட்டார்.

கை பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்பவர்களிடம் இல்லை என்றுதான் சொல்கிறேன். அதற்கும் எனக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் பயம் இருந்தது. இப்போது அங்கிருந்து, அடுத்து வரப்போவதைப் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் என் நாள்கள் கொஞ்சம் நீளமாகியிருக்கின்றன.

காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது சட்டையின் முதல் பொத்தானில் கொஞ்சம் நேரமாகும். செல்வி பொறுமையில்லாமல் கையை நீட்டுவாள்.

"இரு," என்பேன். "சொல்லியாச்சு. வந்துக்கிட்டு இருக்கு."