இரண்டாவது கொள்ளி

எங்கள் வாசல் வாதாமரத்தின் கிளையில் யாரோ தூக்கில் தொங்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை முடிந்து, தாராவியில் எங்கள் சந்துக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தேன். கிட்டே போன பிறகுதான் அது கொடும்பாவி என்று தெரிந்தது. பழைய பேண்ட் சட்டைக்குள் கழிவுத் தோலைத் திணித்து, தலைக்கு மண்பானையைக் கவிழ்த்து, எதிரி நாட்டின் பெயரை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். எல்லையில் மறுபடியும் சண்டை மூண்டிருந்த நேரம் அது. மரத்தடியில் நின்றவர்கள் கையில் கிரிக்கெட் ஸ்டம்பும் இரும்புக் குழாயும் இருந்தன. "மாரோ, மாரோ", அடி அடி என்ற கூச்சலில் தகரக் கூரைகள் அதிர்ந்தன.

பிள்ளைகளா, நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். மெதுவாகவே படியுங்கள். என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, ராணுவத்தில் இருந்தார். அதற்கு முந்திய சண்டையில் மலைமேல் குண்டு பட்டு இறந்துபோனார். பெட்டியில் வந்தவரை முழுதாகத் திறந்து பார்க்க எங்களை விடவில்லை. சாம்பலைத் தாதர் கடலில் கரைக்கப் போனபோது, பெண்கள் வரக்கூடாது என்று சொன்னதையும் கேளாமல் மதினி கூடவே வந்தார். உங்கள் பெரியம்மாதான். ஒரு பிடிச் சாம்பலை யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டு வாசலில் சாக்கடை ஓரமாகத் தோண்டி, அதைப் போட்டு, மேலே ஒரு வாதாங்கன்றை நட்டார். கட்டில் போட இடமில்லாத சந்தில் மரம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். குழாய்த் தண்ணீருக்காகக் குடத்தால் மண்டையை உடைத்துக்கொள்ளும் சந்து அது. பிடித்த தண்ணீரை முதலில் கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் மதினி உலை வைப்பார். புது இலை விட்ட நாளில், "இன்னைக்கு அவுகளுக்கு ஒடம்பு தேவல" என்பார். கன்று வளர்ந்து மாடி உயரம் தொட்டது. சாம்பல் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டத்துக்கு முன்னால் தீப்பந்தத்தோடு நின்றவன் பக்கத்து வீட்டுப் பையன். வெல்டிங் வேலை செய்தவன். சின்னப் பிள்ளையாக அண்ணனின் தோளில் ஏறி விளையாடியவன். அவன் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. அண்ணனுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தான். மதினி வெளியே வந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"ஏல, கயித்த அவுத்து விடு."

"உள்ள போங்கக்கா. ஒங்களுக்காகத்தான செய்யுதோம். அண்ணனக் கொன்னவனுவள சும்மா விடச் சொல்லுதியளா?"

"எனக்காகச் செய்யின்னு நான் எவன்ட்டலே கேட்டேன்? இந்த வேருக்கடியில அவுக சாம்பல் கெடக்கு. ஒரு மனுசனுக்கு எத்தன தடவலே கொள்ளி வைப்பிய?"

பையனின் கை இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் அவனே கயிற்றை அவிழ்த்திருப்பான். அதற்குள் பின்னாலிருந்து எவனோ, எங்கள் சந்துக்காரன் இல்லை, "இவ யாரு பக்கம்? துஷ்மன் நாட்டுப் பக்கமா?" என்று கத்தினான். ஒரு கல் வந்து மதினியின் நெற்றியைப் பிளந்தது. நான் கயிற்றை அறுக்க மரத்தில் ஏறினேன். காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். ஸ்டம்பால் வாயில் அடி விழுந்தது. நான் சிரிக்கும்போது தெரிகிற ஓட்டை அன்றைக்கு விழுந்ததுதான். மண்ணில் கிடந்த என்னை மாறி மாறி உதைத்தார்கள். ரத்தம் வழிந்த கண்ணோடு மதினி எனக்காகக் கத்திக்கொண்டிருந்தார். "வைடா தீயை" என்று எல்லோரும் சேர்ந்து அலற, பையன் வைத்துவிட்டான்.

கழிவுத் தோலில் சட்டென்று தீப்பிடிக்கும் பசை ஊறியிருக்கும் என்று பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெறியில் யாருக்கும் நினைப்பு வரவில்லை. கொடும்பாவி பொசுக்கென்று பற்றி வெடித்தது. எரிகிற ஒரு கால் பிய்ந்து பையனின் மேலேயே விழுந்தது. சட்டையும் கழுத்தும் தீயாக அவன் சுற்றிச் சுற்றி ஓடினான். இவ்வளவு நேரம் அவனை ஏவிவிட்டவர்கள் சிதறி ஓடிவிட்டார்கள். தீ அடிமரத்தைப் பிடித்து ஒரு பக்கமாக ஏறியது. எங்கள் வாசலில் இருந்தது ஒரே ஒரு டிரம் தண்ணீர். மதினி மரத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். காலை நீட்டி அவனைக் கீழே விழச் செய்து, டிரம்மை அப்படியே அவன்மேல் கவிழ்த்தார்.

"அக்கா, மரம் எரியுதுக்கா" என்று அழுதான் அவன்.

"மரம் திரும்பத் தழைச்சிரும். நீ தழைப்பியாலே? பேசாம கெட."

குழாயடிச் சண்டையில் மதினியோடு பேச்சை நிறுத்தியிருந்த எதிர்வீட்டுக்காரிதான் முதல் குடத்தோடு வந்தாள். "வேடிக்கை பாக்கியளே, ஊத்துங்கடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் குடம் வந்தது. சோற்றுக்கு வைத்திருந்த தண்ணீரைக்கூட ஊற்றினார்கள். தீ அடங்கிய பிறகு அவள் மதினியின் நெற்றி ரத்தத்தைத் தன் சேலையால் ஒற்றிக்கொண்டே, "நாளைக்கு வரிசையில என் கொடம்தான் முன்னால, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

மரம் ஒரு பக்கம் கரியாகி, இலை முழுவதும் உதிர்ந்து நின்றது. மொட்டை மரத்துக்கும் மதினி தினமும் ஊற்றினார். மழைக்காலம் வந்ததும் மறுபக்கத்தில் தளிர் விட்டது. பையனும் பிழைத்துக்கொண்டான். கோடை வெயிலிலும் கழுத்தில் துண்டைச் சுற்றியிருப்பாரே, நீங்கள் வெல்டிங் மாமா என்று கூப்பிடுகிறவர், அவர்தான்.

போன கோடையில் எல்லையில் சண்டை என்று போன்கள் எல்லாம் மறுபடி அலறின. நீங்களும் டிவிக்கு முன்னால் நின்று "மாரோ" என்று குதித்தீர்கள். நான் உங்களை அடிக்கவில்லை. கோபர்கைரனேயில் தன் மகளோடு இருக்கும் பெரியம்மாவிடம் கூட்டிப்போனேன். "அந்த நாட்டுக்காரங்க எல்லாரையும் கொல்லணும்தானே பெரியம்மா?" என்று உங்களில் சின்னவன் கேட்டான். பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அங்கனயும் எவளாவது ஒரு மரத்த நட்டு வச்சிருப்பாய்யா. தண்ணி வராத கொழாயப் பாத்துக்கிட்டே நிப்பா." கை நின்றது. "அவ மரத்துல இந்நேரம் நம்மளக் கொடும்பாவியாக் கட்டித் தொங்கவிட்டிருப்பானுவளோ?"

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் கீழே உட்கார்ந்து, ஒரு பிடிக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.