பாட்டில் மெஜந்தா கம்மி

ஆடியோ ரிப்பேர்க்காரனுக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுபோச்சு." பிராட்பேண்ட் வந்த புதிதில், கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து இன்டர்நெட்டில் பாட்டுக் கேட்கும் ஆசை விருதுநகர், சிவகாசிப் பக்கம் பரவியபோது, வீடு வீடாகப் போய் மாட்டிக்கொடுத்தவன் நான். உங்கள் வீட்டு ஸ்பீக்கரும் உங்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்திருந்தால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

தாகமெடுத்த குழி

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வீடு. ஆளுயர ஸ்பீக்கர். ஆனால் பாட்டுக்குப் பின்னால் எந்நேரமும் 'ம்ம்ம்' என்று தேன்கூட்டைக் கலைத்தது மாதிரி ஓர் இரைச்சல். வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், முதலாளியின் முகம் மாறியதுதான் மிச்சம். கடைசியில் கொல்லைப்புறம் போய் எர்த் கம்பி புதைத்த குழியைப் பார்த்தால், அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் எர்த் வேலை செய்யாது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். இரைச்சல் அடங்கியது.

"தினமும் ஊத்தணுமா?" என்றார். மழை வரும்வரை ஊற்றச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து வேறு வேலையாகப் போனபோது, முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளில் குடத்தோடு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "லாரித் தண்ணி வந்தா எட்டிக்கூடப் பாக்க மாட்டாக. பாட்டுன்னதும் குடம் தூக்குறாக. இந்தக் குழியை முன்னாடியே காட்டியிருக்கக் கூடாதா தம்பி?"

வத்தல் விலையும் குத்துப்பாட்டும்

விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர் வீட்டு முன்னறையிலேயே ஆபீஸ் வைத்திருந்தார். இன்டர்நெட் ரேடியோ கேட்டுக்கொண்டே வியாபாரம். போன் மணி அடித்தால் மட்டும் பாட்டு செத்துவிடும். வத்தல் வியாபாரிக்குப் போன் அடிக்காத நேரம் ஏது? டெலிபோன் லைனில் மாட்டவேண்டிய ஃபில்டர் என்கிற குட்டி டப்பாவை யாரோ மாட்டாமல் விட்டிருந்தார்கள். மாட்டினேன். மணி அடித்தது, பாட்டும் ஓடியது. மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே கூப்பிட்டார். மறுபடி நின்றுவிட்டதா என்று கேட்டேன். "நிக்கலையே, அதான் கோளாறு! வெலை விழுந்துருச்சுன்னு மிளகா போட்ட காரியாபட்டிச் சம்சாரிகிட்ட நான் போன்ல அழுதுக்கிட்டிருக்கேன், பின்னால குத்துப்பாட்டு ஓடுது. எவன் நம்புவான்? வந்து பழையபடி மாத்திவிட்டுருங்க."

மெஜந்தா

காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஓனர் ஒருவர், புது ஸ்பீக்கரைத் தானே மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாட்டுல மெஜந்தா கம்மியா இருக்கு" என்றார். கலர் அச்சில் ஓட்டும் ஒரு சிவப்பு மை அது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். "கலர் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரலைய்யா. மூஞ்சி ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம்." அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எட்டிப் பார்த்தால், ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன; ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றிச் செருகினேன். கண்ணை மூடிக் கேட்டவர் சொன்னார்: "இப்ப சரி. மெசினை ஓட்டுங்க."

பதில் சொல்லாத பெண்

ஆமத்தூரில் ஒருவர், பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கித் தந்த செட்டில் ஹெட்போன் போட்டுப் பழைய பாட்டுக் கேட்பார். "ஜோடிப் பாட்டுல பொம்பளைக் குரலே வரலை" என்பது புகார். நான் மாட்டிக் கேட்டேன். ஆண் ஒரு காதில், பெண் மறு காதில் என்று இருவரும் அருமையாகப் பாடினார்கள். அவருக்கு மாட்டினால் ஆண் மட்டும்தான். ஹெட்போனை இடவலமாகத் திருப்பி மாட்டினேன். "இப்பப் பொம்பளை வந்துட்டா, ஆம்பளையைக் காணோம்" என்றார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "அவுகளுக்கு வலது காது வெடியில போயிருச்சுப்பா. வெளிய சொல்ல மாட்டாக" என்றார். மனிதர் மனைவியை முறைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார். காதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "பெட்டியில ஒரு செட்டிங் தப்பா இருக்குங்க" என்று சொல்லி, இரண்டு பக்கப் பாட்டையும் ஒன்றாக்கும் மோனோ பட்டனை அமுக்கினேன். ஹெட்போனை இரு கையாலும் அழுத்திப் பிடித்தபடி பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இம்புட்டு நாளா அவன் மட்டும் கேள்வியாக் கேட்டுக்கிட்டே இருக்கான், அந்தப் புள்ள வாயே திறக்கலையேன்னு நினைச்சேன். எம்புட்டு அழகாப் பதில் சொல்லியிருக்கா!"

பெட்டி எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் கோளாறு மட்டும் உள்ளூர்ச் சரக்குதான் என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.