எனக்கு ரத்தம் கம்மியான கதை

நான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தபோது அக்காவுக்குத் தஞ்சாவூரில் கர்ப்பப்பை ஆபரேஷன். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றுவார்கள். பதிலுக்கு வீட்டு ஆட்கள் மூன்று பேர் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் இதற்கும் வேன் பிடித்துத்தான் போவோம். மன்னார்குடியிலிருந்து ஒன்பது பேர் கிளம்பினோம்.

முதல் நாள் ஊரில் ஒரு காதுகுத்து. ஐந்து பேரை ரத்த வங்கியில் வாய் வாசனையை வைத்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. படிவத்தில், ஆண்களோடு உறவு உண்டா என்று ஒரு கேள்வி. முன்பெல்லாம் 'இல்லை' போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். ஆனால் எட்டு வருடமாக ஒரே ஆளோடு குடும்பம் நடத்துகிறேன். வீட்டுக்கு அவர் என் ரூம்மேட். அவரை இல்லை என்று எழுத அன்றைக்குக் கை வரவில்லை. 'ஆம்' போட்டேன்.

ரத்த வங்கியின் கவுன்சலிங் அம்மா குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ரூல்ஸ் அப்படி. நீங்க எப்பவுமே குடுக்க முடியாது."

"டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன் மேடம்."

"எல்லாருக்கும்தான் பண்றோம். உங்களுக்கு எடுக்கவே கூடாதுங்கறாங்க."

பக்கத்துக் கட்டிலில் சித்தப்பா மகன், ரத்தம் எடுக்கும்போது கையில் கொடுக்கிற பந்தை அமுக்கிக்கொண்டு ஜாலியாகப் படுத்திருந்தான். லாரி ஓட்டுகிறவன், ஊருக்கு ஒரு சிநேகிதி உண்டு. எந்தக் கேள்வியையும் படிக்காமல் வரிசையாக 'இல்லை' போட்ட புண்ணியவான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று பேர் தேறிவிட்டார்கள். வெளியே, அக்காவுக்குத் துணைக்கு இருந்த சித்தியிடம், "எனக்கு ரத்தம் கம்மியாம்" என்றேன். அவ்வளவுதான். அடுத்த பத்து நாளும் முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம். வாயைத் திறந்தால் ஆட்டு ஈரல்.

என் பயமெல்லாம் அக்காதான். கல்லூரியில் பாடம் எடுப்பவள். வருடா வருடம் ரத்ததான முகாம் நடத்தி, அதே படிவத்தைப் பிள்ளைகளுக்கு நிரப்பச் சொல்லிக்கொடுப்பவள். கண்டுபிடித்துவிட்டால் என்னோடு பேசுவாளா? அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். படுக்கையிலிருந்து என்னைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

நான் கிளம்புகிற அன்று மெல்ல எழுந்து வந்து முருங்கைக்கீரைப் பொடி இரண்டு டப்பா நீட்டினாள்.

"எதுக்குக்கா ரெண்டு?"

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு உன் ரூம்மேட்டுக்கு," என்றாள். "அவருக்கும் ரத்தம் கம்மியாத்தானேடா இருக்கும்?"