இருபத்தொரு நாள் ஊசி

சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில், எங்கள் பிளாக்கில் மெடிக்கல் புத்தகத்தை இரவல் கொடுப்பது உறைமோர் கொடுப்பது மாதிரிதான். பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும் கம்பெனி கொடுக்கிற புத்தகம் அது. அதில் புருஷன் பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் பெயர், வயது எல்லாம் இருக்கும். போட்டோ இருக்காது. ஊரிலிருந்து வந்த கொழுந்தனார் பிள்ளைக்கு இருமல் என்றாலும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நம் பிள்ளை பெயரைச் சொன்னால் மருந்து வந்துவிடும். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் புத்தகம் கிடையாது. அவர்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. நான் யோசித்தேனா என்றால், அம்சவல்லி வருகிறவரை நானும் இல்லை.

எழுபத்தாறில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தவள் அவள். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் சடையப்பன் மைன்ஸில் கான்ட்ராக்ட். ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற வேலை. அவன் அப்பா வைத்திருந்த நிலம் அதே மைன்ஸுக்குத்தான் போயிற்று. நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை என்று ஒரு லிஸ்ட் இருந்தது. அந்த லிஸ்டில் அவன் பெயர் எப்போது வரும் என்று கேட்டால், “வரும்போது வரும்ங்க, அதுக்குள்ள நான் போயிடாம இருக்கணும்” என்பாள். வாய் கொஞ்சம் துடுக்கு. பழைய சோற்றை எடுத்துக்கொடுத்தால் வாங்க மாட்டாள். “மாட்டுக்கு வைங்கம்மா, எனக்கு எதுக்கு?” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

ஒருநாள் ஐந்து வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். கண்ணகி என்று பெயர். முழங்கால் பலாக்கொட்டை போட்டு வைத்த மாதிரி வீங்கியிருந்தது.

“என்னடி இது?”

“ரெண்டு மாசமா இப்படித்தாங்க. மொதல்ல முட்டி வீங்குச்சு, அப்புறம் கணுக்காலு. ஒடம்பு அனலா கொதிக்குது. எறக்கி வுட்டா நிக்க மாட்டேங்குது. அதான் தூக்கிகினு வந்துட்டேன், கோச்சிக்காதீங்க.”

மந்தாரக்குப்பத்தில் டாக்டர் என்று போர்டு மாட்டியிருந்தவன் ஒரு பழைய கம்பவுண்டர். எந்தப் பிள்ளை போனாலும் ஒரு ஊசி, ஒரு பாட்டில் சிவப்புத் தண்ணீர். அவனிடம் இரண்டு மாசமாகக் கூலியைக் கொட்டியிருக்கிறாள். பாவி, ஒரு நாளாவது அந்தப் பெண்ணின் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்திருப்பானா?

என் மகள் விஜயகுமாரிக்கும் அப்போது ஐந்து வயது. புத்தகத்தை எடுத்து அம்சவல்லி கையில் கொடுத்து, “பேர் கேட்டா விஜயகுமாரின்னு சொல்லச் சொல்லு” என்றேன். கூடவே போகவும் செய்தேன். டாக்டர் வெகுநேரம் நெஞ்சைக் கேட்டுவிட்டு, இது மூட்டுக் காய்ச்சல், இதய வால்வைத் தொட்டுவிட்டது என்றார். இருபத்தொரு நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசி, இருபது வயதுவரை போட வேண்டும். ஒன்று தவறினாலும் காய்ச்சல் திரும்பலாம், திரும்பினால் அந்த இதயம் தாங்காது. அம்சவல்லி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இருபத்தொண்ணு” என்று ஒரே ஒரு தடவை திருப்பிச் சொன்னாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு ஊசி தவறவில்லை. முதல்நாளே வந்து, “அம்மா, நாளைக்கு ஊசி” என்று சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையை நிறுத்தி, “உம்பேரு என்னா?” என்று கேட்பாள். “விஜயகுமாரி.” “அப்பா பேரு?” “பரமசிவம்.” அது என் வீட்டுக்காரர் பெயர். குழந்தை கிளிப்பிள்ளை மாதிரி சொல்லும். பெற்ற அப்பன் கரிக்குழியில் கிடக்க, இது வேறொருவன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டும். எனக்கு அப்போது அது தமாஷாக இருந்தது.

நான் சும்மா இருந்தேனா? கோயிலில், பால் பூத்தில், பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் ஒரு உயிரைக் காப்பாற்றுகிற கதையை அளந்தேன். அம்சவல்லி பதிலுக்கு வாரம் இரண்டு தரம் இட்லிக்கு மாவாட்டிக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை, ஆனால் வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் உரலில் ஆட்டிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு போவாள். அந்த இட்லியை நாங்கள் ருசித்துத் தின்றோம். தூ!

எழுபத்தொன்பதில் சடையப்பனுக்கு லிஸ்டில் பெயர் வந்தது. பர்மனென்ட். முதல் ஆறு மாதம் பார்ப்பார்கள், அதற்குள் கெட்ட பெயர் எடுக்கக் கூடாது. அம்சவல்லி பூந்தியும் புது மெடிக்கல் புத்தகமுமாக வந்து நின்றாள். “பாருங்கம்மா, எம்பொண்ணு பேரு எங்க இருக்குது?” என்றாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை அவள் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஊசி நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே குழந்தையிடம், “இனிமே கேட்டா கண்ணகின்னு சொல்லணும், தெரிதா?” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தையும் சரி சரி என்று தலையாட்டியது. போய் உட்கார்ந்தார்கள். நர்ஸ் உள்ளேயிருந்து “கண்ணகி” என்று கூப்பிட்டாள். அம்சவல்லி முழங்கையால் இடித்தும் குழந்தை எழவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் அது கண்ணகியாக இருந்ததே கிடையாது. யாரும் வராததால் ஊசி அறைக்கு வெளியே வந்த நர்ஸ் குழந்தையைப் பார்த்துவிட்டு, “ஏய் விஜயகுமாரி, நீ என்ன இங்கே?” என்றாள். குழந்தை துள்ளி எழுந்து, “ஊசிங்க” என்று கையை நீட்டியது.

அந்த நர்ஸ் நல்லவள், வாயை மூடியிருப்பாள். பக்கத்தில் புதிதாக வந்த கிளார்க் ஒருவன் நின்றிருந்தான். இரண்டு புத்தகத்தையும் எடுத்துவரச் சொன்னான். ஒரு வாரத்தில் விசாரணை என்று காகிதம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஊசியையும் நிறுத்தி வைத்தது.

என் வீட்டுக்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “என் சர்வீஸ் போச்சு” என்றார். அப்புறம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு இன்னொன்றைக் கண்டுபிடித்தார். “விஜயகுமாரிக்கு இதய நோய்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கு. நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?” எட்டு வயசுப் பெண்ணுக்கு மாப்பிள்ளைக் கவலை! மூன்று வருஷம் அந்தப் பக்கங்கள் வீட்டில்தான் இருந்தன.

“கொடுத்தது நாமதானே? சொல்லிட்டுப் போவோம்” என்றேன்.

“நீ பேசாம இரு, சந்திரா. அவ எடுத்துட்டுப் போனா, நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்.”

அன்று சாயங்காலமே மந்தாரக்குப்பம் போய் அம்சவல்லியைப் பார்த்தார். அவள் ஒத்துக்கொண்டால் தான் மேலே பேசி சடையப்பன் வேலையைக் காப்பாற்றித் தருவதாகச் சத்தியம் செய்தார். பிறகு ஒரு வாக்குமூலம் எழுதினார். வீட்டு வேலைக்கு வந்தவள் எங்களுக்குத் தெரியாமல் புத்தகத்தை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறாள் என்று. கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் என் கையெழுத்து. பேனாவை நீட்டினார், போட்டேன்.

விசாரணை செய்த சோமசுந்தரம் என்கிற ஆபீசர் அதைப் படித்துத் தலையாட்டினார். மூன்று வருஷமாக இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம் திருடி, அன்று மதியமே திரும்பக் கொண்டுவந்து வைக்கிற திருடியை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? அவருக்கும் அது தெரியும். அவர் வீட்டுப் புத்தகத்தில் எத்தனை கொழுந்தனார் பிள்ளைகளோ!

“நீயாத்தான் எடுத்தியா?” என்று அம்சவல்லியிடம் கேட்டார்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். “ஆமாங்க, நாந்தான் எடுத்துகினு போனேன்” என்றாள்.

எங்களுக்கு ஒரு எச்சரிக்கை, புத்தகம் திரும்பக் கைக்கு வந்தது. சடையப்பனை வேலையிலிருந்து எடுத்தார்கள். பழையபடி பெல்ட்டுக்கு அடியில் கான்ட்ராக்ட். கண்ணகியின் புதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. கேட்டதற்கு, “இப்ப போய் வாயைத் திறந்தா நாமளும் மாட்டுவோம்” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

பத்து நாள் கழித்துப் பின்வாசலில் அம்சவல்லி நின்றாள். உள்ளே வரவில்லை.

“ஊசி நாளு தாண்டிப்போச்சு. கடலூரு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனேன். முன்னாடி என்னா மருந்து, எவ்வளவு, எப்பயிருந்துன்னு டாக்டரு கேக்குறாரு. எழுத்துல இல்லாம இந்த ஊசியத் தொட மாட்டேன்றாரு. எல்லாம் உங்க புத்தகத்துலதான் இருக்குது. புத்தகம் வேணாம், அதுல இருக்கறத ஒரு தாளுல எழுதிக் குடுங்க.”

இவ்வளவுதான் கேட்டாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், பார்த்து எழுத அரைமணி போதும். உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன். என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “உன் கையெழுத்து அந்த வாக்குமூலத்துல இருக்கு. யாராவது ஒத்துப் பார்த்தா?” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இடது கையால் எழுதினேன்.

கோழி கிளறின மாதிரி ஒரு தாள். நான் எழுதிய மருந்தின் பெயரே எனக்குப் படிக்க வரவில்லை. மடித்து அவளிடம் கொடுத்து, பத்திரம் என்று வேறு சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் திரும்ப வந்தாள். இந்தத் தடவை கண்ணகி இடுப்பில் இருந்தாள். எட்டு வயதுப் பெண், கால் இரண்டும் கீழே தொங்கின. கணுக்கால் மறுபடி வீங்கியிருந்தது. மூச்சு சத்தம் எனக்குக் கேட்டது.

தாளை என்னிடம் நீட்டினாள். “ஒரு எழுத்தும் புரியலன்னுட்டாரு டாக்டரு. சோத்துக்கையால எழுதிக் குடுங்கம்மா.”

எழுதத் தெரியாதவளுக்கு அது தெரிந்திருந்தது. நான் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து வலது கையால் எழுதினேன். வீட்டுக்காரர் வந்து நின்றார், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மருந்து, அளவு, மூன்று வருஷத்து ஊசி தேதி ஒவ்வொன்றும். முடித்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வீறாப்பு வந்தது. இவை எல்லாம் கண்ணகிக்குப் போட்ட ஊசிகள், புத்தகத்தை நான்தான் கொடுத்தேன் என்று எழுதி, கீழே சந்திரகலா என்று முழுப்பெயரையும் போட்டேன்.

“படிங்க” என்றாள் அம்சவல்லி. படித்தேன். தேதிகளை விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசி வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது வேணாங்க. டாக்டரு கேட்டது மருந்தும் தேதியுந்தான். உங்க பேரு இருந்தா அங்கயும் ஒருத்தன் விசாரணைன்னு குந்திகினு இருப்பான். எம்புள்ளைக்கு இன்னிக்கே ஊசி போட்டாவணும். பேர கிழிச்சிட்டுக் குடுங்க.”

“இல்ல அம்சவல்லி, உண்மையை...”

“பஸ்ஸு போயிடும்மா.”

கிழித்தேன். அவள் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பெண்ணை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வேலைக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.