ஆறு திரைகளையும் மஞ்சளாக்கிய நாள்

பதுளை டவுனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கடைக்கும் மேல்மாடிக்கும் ஒரே முதலாளி. கீழே துணி, மேலே மென்பொருள். ஒன்பது பேருக்கு ஆறு கணினிகள். யாருக்கும் சொந்த இருக்கை கிடையாது. முதலில் வந்தவருக்கு ஜன்னலோரம், பிந்தி வந்தவருக்குக் கழிவறைக் கதவோரம். அப்புத்தளையிலிருந்து பஸ்ஸில் வருகிற நான் அநேகமாகக் கதவோரம்தான்.

ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் நிரந்தர நியமனக் கடிதம் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், கணினி படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. படித்து முடித்ததும் கொழும்புக்குப் போய்க் கடைகளில் பில் அடிக்கிறார்கள். நான் பில் அடிக்க மாட்டேன், கோட்தான் எழுதுவேன், அதையும் இந்த மலையில் இருந்துகொண்டே எழுதுவேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தக் கடிதம் எனக்கு வேண்டும். ஐந்தரை மாதம் முடிந்திருந்தது.

கோட் எழுதுகிற எடிட்டரைப் புதிதாகத் திறந்தால் அது சாமான் இறக்காத வீடு. எல்லாவற்றையும் நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்று சின்னச் சின்னச் சேர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கும். தேடி எடுத்து மாட்டிக்கொள்ளலாம். எனக்கு அதில் பைத்தியம். பிழை இருக்கிற வரியின் பக்கத்திலேயே என்ன பிழை என்று எழுதிக் காட்டும் ஒன்று. "பிறகு பார்" என்று நான் அங்கங்கே போட்டுவைக்கும் குறிப்புகளையெல்லாம் பொறுக்கிப் பட்டியலாக்கும் இன்னொன்று. கோணல்மாணலான வரிகளைச் சேமிக்கும்போதே நேராக்கிவிடும் மற்றொன்று. ஆபீஸ் இன்டர்நெட் நத்தை. அதனால் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டி மேட்டில் உட்கார்ந்து, போனில் அவற்றை இறக்கி, பென்டிரைவில் போட்டுக் கொண்டுவருவேன். ஆறு கணினிகளிலும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். யார் எங்கே உட்கார்ந்தாலும் சாமான் அதே இடத்தில் இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது நிறச் சேர்ப்பு. எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு சின்ன கெஸ்ட்ஹவுஸ்காரர் எங்கள் வாடிக்கையாளர். அவருடைய அறை முன்பதிவுகள் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று நாங்கள் சோதித்துப் பார்க்கிற டெஸ்ட் சர்வர். அதில் இருப்பதெல்லாம் நாங்கள் கட்டிவிட்ட பெயர்கள். மற்றது லைவ் சர்வர். அதில் இருப்பவர்கள் நிஜமாகவே பையைத் தூக்கிக்கொண்டு எல்ல ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்கள். எடிட்டரில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. லைவைத் திறந்தால் ஜன்னலின் விளிம்பு முழுக்கச் சிவப்பு, டெஸ்ட் என்றால் பச்சை என்று ஒழுங்கு செய்தேன்.

எங்கள் டீம் லீட், முதலாளியின் மனைவிக்குத் தம்பி. எல்லோரும் அவரை 'சார்' என்போம். முதல் நாள் அவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, தேர் கட்டி வச்சிருக்க? லயத்துல எல்லாக் கதவும் ஒரே பச்சதானே? அங்கயிருந்து வந்துட்டு ஒனக்கு இத்தனை கலர் கேக்குதா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"அதனாலதாங்க சார்," என்றேன். "கதவெல்லாம் ஒரே பச்சையா இருக்கப் போயித்தான் எங்க லயத்துல ஒருத்தரு ரெண்டு வீடு தள்ளிப் போயி உக்காந்து சோறு கேட்டாரு. அந்த அக்காவும் போட்டுக் குடுத்துருச்சு."

அதற்கும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் சாரே அந்த நிறங்களைப் பார்த்துத்தான் வேலை செய்தார். "சிவப்பு இல்லன்னா பயமில்ல" என்று புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அந்த வாசகம் என்னுடையது.

ஆயுத பூசை வந்தது. கீழே கத்தரிக்கோலுக்கும் அளவுகோலுக்கும் தையல் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். அது முடிந்து ஐயர் மேலே ஏறி வரவேண்டும். அதற்குள் சார் வந்து, "பொம்பளப் புள்ளைங்கல்லாம் கீழ போயி சுண்டல் கட்டுங்க" என்றார். மேல்மாடியில் பெண்கள் மூன்று பேர். மூவரும் போனோம். ஒரு மணி நேரம் காகிதத்தில் சுண்டல் மடித்தோம். சுண்டல் மடித்ததில் எனக்கு வெட்கமில்லை. நான் ஒழுங்கு செய்த ஆறு கணினிகளை இன்னொருவர் கலைக்கும்போது நான் கீழே சுண்டல் மடித்துக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மேலே நடந்ததை, என்னைப் போலவே பிந்தி வந்து என் பக்கத்தில் உட்காரும் அண்ணன் பிறகு சொன்னார். முதலாளி அம்மா தட்டோடு உள்ளே வந்ததும் நின்றுவிட்டாராம். எங்கள் எடிட்டர்கள் எல்லாம் கறுப்புப் பின்னணி. கண்ணுக்கு இதம் என்று எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தோம்.

"என்னடா தம்பி, எல்லாம் கறுப்பாக் கெடக்கு? நல்ல நாளும் அதுவுமா, எழவு வீடு மாதிரி?"

"ஒரு நிமிசம்க்கா."

சார் ஆறு கணினிகளிலும் பின்னணியை மஞ்சளாக்கினார். விளிம்பில் சிவப்பும் பச்சையும் தெரிந்து மஞ்சளைக் கெடுத்ததால் நிறச் சேர்ப்பையே நிறுத்திவிட்டார். அதோடு விடவில்லை. அக்காவுக்குக் காட்டுவதற்காக எல்ல கெஸ்ட்ஹவுஸின் லைவ் சர்வரைக் கதவோரக் கணினியில் திறந்தார். மூடவில்லை. ஐயர் வந்தார். பூசை நடந்தது. ஆயுதம் ஓய்வெடுக்க வேண்டுமென்று திரைகளை மட்டும் அணைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் நல்ல நேரத்தில் ஆளுக்கொரு வேலையைத் தொடங்கி வைக்க வேண்டும். அது அந்தக் கடையின் வழக்கம். கீழே முதல் துணியை வெட்டுவார்கள், மேலே நாங்கள் எதையாவது இயக்க வேண்டும். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடுவில் நின்றார். என் பஸ் பிந்திவிட்டது. ஓடிவந்து கதவோரம் உட்கார்ந்தேன்.

"சீக்கிரம்மா, இன்னும் ஏழு நிமிசந்தான் இருக்கு."

தினமும் காலையில் நான் முதலில் செய்வது டெஸ்ட் சர்வரின் பொய் முன்பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், ஒரு வரி; எந்த சர்வர் திறந்திருக்கிறதோ அதில் ஓடும். திரை மஞ்சளாக இருந்தது. பூசைக்காக யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பச்சை எங்கே என்று ஒரு கணம் யோசித்தேன். சிவப்பு இல்லையே என்று அடுத்த கணம் தோன்றியது. மேலே சர்வரின் பெயர் எழுதியிருந்தது. அதை நான் படிக்கவில்லை. தட்டினேன்.

"ஆரம்பிச்சிட்டியா? நல்லது" என்றார் முதலாளி.

இருபது நிமிடம் கழித்து எல்லவிலிருந்து போன் வந்தது. கெஸ்ட்ஹவுஸ்காரருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. "நங்கி, என் புக்கிங் ஒண்ணும் இல்ல. எல்லாம் வெள்ளை" என்றார். தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் நங்கி. அப்போதுதான் மேலே இருந்த பெயரைப் படித்தேன். லைவ்.

பத்து நாள் பழைய பிரதி ஒன்று இருந்தது. அதை மீட்டுப் போட்டேன். மீதிப் பத்து நாளுக்காக எல்லவுக்கு பஸ் ஏறினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கெஸ்ட்ஹவுஸ்காரரின் ஈமெயில்களையும் போனில் வந்திருந்த செய்திகளையும் வரிசையாகத் திறந்து, ஒவ்வொரு முன்பதிவாக இரண்டு பேரும் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். ஒன்று மட்டும் எங்களுக்கு அகப்படவில்லை. மாலையில் அந்த ஒன்று இரண்டு பேராக, நனைந்த சப்பாத்துகளோடு வாசலில் வந்து நின்றது. அறை இல்லை. அவர் தன்னுடைய சொந்த அறையை ஒழித்து அவர்களுக்குக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க நங்கி" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கீழே, கல்லாவுக்குப் பின்னாலுள்ள முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். சார் ஓர் ஆங்கிலக் கடிதத்தை நீட்டினார். நான் அனுமதியில்லாமல் எக்ஸ்டென்ஷன்களை நிறுவியதாகவும், அவற்றால்தான் வாடிக்கையாளரின் தரவு அழிந்ததாகவும், அதற்கு வருந்துவதாகவும் அதில் இருந்தது. கீழே என் பெயருக்கு ஒரு கோடு.

"ஒரு கையெழுத்துதான் தங்கச்சி," என்றார் சார். "போட்டா பயிற்சிய இன்னும் மூணு மாசம் நீட்டலாம். அப்புறம் நிரந்தரம். போடலன்னா அத்தானுக்கு வேற வழியில்ல."

அதுவரை தங்கச்சி என்று என்னை அவர் கூப்பிட்டதே இல்லை.

"அனுமதியில்லாமன்னு இருக்கு. நீங்களும் நாலு மாசமா அதத்தானே சார் பாவிச்சீங்க?"

"பாவிச்சேன்னு எங்கயாவது எழுத்துல இருக்கா?"

"மஞ்சளாக்கினது யாரு?"

முதலாளி கையை உயர்த்தினார். "பூசையில கொற சொல்லாதம்மா."

"பூசைய நான் ஒண்ணும் சொல்லலீங்க முதலாளி. நிறத்த நிறுத்திட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலன்னு சொல்றேன். சொல்லியிருந்தா நான் பேரப் படிச்சிருப்பேன்."

மேசையில் கிடந்த பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். சர்வரின் பெயரைப் படிக்காமல் ஸ்கிரிப்டை இயக்கியது என் பிழை. எக்ஸ்டென்ஷன்கள் டீம் லீடுக்குத் தெரிந்தே இருந்தன, அவரும் பயன்படுத்தினார். பூசையன்று எச்சரிக்கை நிறத்தை நிறுத்தியதும் லைவ் சர்வரைத் திறந்து விட்டுச் சென்றதும் அவர், எனக்கு அறிவிக்கவில்லை. என் கையெழுத்தைப் போட்டேன். பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தேன்.

"இது ஒங்களுக்கு சார்."

"பைத்தியமா ஒனக்கு?"

முதலாளி தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். மைத்துனரைப் பார்த்தார்.

"நிறத்த மாத்துனத இந்தப் புள்ளகிட்ட சொன்னியா?"

"அன்னைக்கு இருந்த அவசரத்துல, அத்தான்..."

"சொன்னியா இல்லியா?"

ஒரு நிமிடம் அந்த அறையில் எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். முட்டாள்தனம். முதலாளி தாளை நாலாக மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

"ரெண்டு பேரும் விடுங்க. நீ நாளைக்கு வேலைக்கு வாம்மா. கடிதத்த மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"சாருக்கும் மூணு மாசமாங்க?"

"அவன் வீட்டு ஆளு" என்றார், வெகு சாதாரணமாக, விலை சொல்கிற மாதிரி.

அந்த வேலை எனக்கு அப்போதும் வேண்டியிருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வீட்டில் என்ன சொல்வேன், கொழும்புக்குப் போன பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு பேசுவேன், எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. ஆனால் அந்த மூன்று மாதமும் தினம் காலையில் அந்த ஆளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

"நான் வரலீங்க முதலாளி."

என் சாமானை எடுக்க மேலே ஏறினேன். சார் பின்னாலேயே வந்தார்.

"போறதுன்னா ஒன்னோட எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுப் போ. ஆறு மெஷின்லயும்."

"அனுமதியில்லாம கழட்டக் கூடாதுங்களே சார். எழுத்துல குடுங்க."

பக்கத்து இருக்கை அண்ணன் தலையைத் திரைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. சார் எழுதித் தரவில்லை. பென்டிரைவைப் பிடுங்கி, சோற்றுப்பெட்டியை எடுத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பைக் கையில் தூக்கியபடி படியிறங்கினேன். அங்கே நின்று மாட்டிக்கொள்ளக்கூட எனக்குப் பொறுமை இல்லை.