சொட்டக்காவும் திரும்பத் திரும்ப வந்த பின்னமும்

கண் மருத்துவமனையில் அவளைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. நீளமான பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் இமையை ஒரு விரலால் விலக்கி, கண்பாவையை விரியவைக்கும் மருந்தைச் சொட்டுவது அவள் வேலை. "கண்ணை மூடிக்குங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. எரியத்தான் செய்யும், உசுரு ஒண்ணும் போயிடாது" என்று அவள் சொன்னால், ஊரை ஆட்டிப் படைக்கிற ஆளும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொள்வார். பெஞ்சுக்கு எதிரே ஒரு கதவு, அதற்குப் பின்னால் இருட்டறை. அங்கேதான் வட்ட வட்டக் கண்ணாடிகளை மாற்றிப் போட்டு, "இதுவா, இதுவா, எது தெளிவு?" என்று கேட்டு கண்ணின் பவரைக் கண்டுபிடிப்பார்கள். மருந்துப் புட்டியோடு அவள் அந்தக் கதவு வரைக்கும் போகலாம். உள்ளே நின்று வேலை பார்க்கத் தகுதி இல்லை.

தகுதி என்றால் வேறொன்றும் இல்லை, கணக்கு. பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் மட்டும் மண்ணைக் கவ்வி, "இந்தச் சனியனே வேண்டாம்" என்று தலைமுழுகியவள் அவள். இருட்டறைப் பயிற்சிக்கோ பள்ளி இறுதிக் கணக்கில் தேறிய சான்றிதழ் வேண்டும். அவள் கண்ணெதிரே சின்னச் சின்னப் பெண்கள் வந்தார்கள், பயிற்சி முடித்தார்கள், வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். "அக்கா, சொட்டு விட்டாச்சா?" என்று கதவிடுக்கில் தலையை நீட்டிக் கேட்டார்கள். நல்ல பெண்கள்தான். இருந்தாலும் அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை எரிந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம்?

ஒருநாள் டாக்டரம்மாவே பேச்சை எடுத்தார். "கணக்கை மட்டும் முடிச்சுட்டு வாங்களேன். அடுத்த பயிற்சிக்கு உங்க பேரைத்தான் அனுப்பணும்னு இருக்கேன். வருஷக் கடைசிக்குள்ள சான்றிதழ் கையில வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்!

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது, அம்மாவை ஓர் இணையவழிக் கணக்குப் பாடத்தில் சேர்த்துவிட்டாள். வகுப்பு இல்லை, மணி இல்லை, பக்கத்து பெஞ்சில் சிரிக்க ஆள் இல்லை. அவரவர் வேகத்தில் அவரவர் படிக்கலாம். ஒரு டீச்சர் வீடியோவில் வந்து பாடம் சொல்வார், பிறகு கேள்விகள் வரும். சரியாகப் போட்டால் அடுத்த பாடம். தொடர்ந்து தப்பாகப் போட்டால், "பரவாயில்லை! கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போமா?" என்று சிரித்த முகத்தோடு பழைய பாடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும். எல்லாப் பாடத்துக்கும் எதிரே பச்சை விழுந்தால்தான் தேர்வுக்குத் தேதி. மகள் அதை அம்மாவின் செல்போனிலும் போட்டாள், வீட்டில் சும்மா கிடந்த பழைய டேப்லெட்டிலும் போட்டாள். டேப்லெட்டை அப்பா தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் வரைபடம் பார்க்கத் தேவைப்படுகிறதாம்.

இந்த வீட்டுக்காரரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கமான மனிதர். ஆனால் அவர் வாயில் வராத ஒரே வார்த்தை 'தெரியாது'. யாராவது வண்டியை நிறுத்தி வழி கேட்டால், கேள்விப்பட்டிராத தெருவுக்கும் கையை நீட்டி இடது, வலது சொல்லி அனுப்புவார். போனவர் திட்டிக்கொண்டே திரும்பி வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுவார். கல்யாணப் பேச்சு நடந்தபோது, பெண் கணக்கில் தேறவில்லை என்று அவள் வீட்டார் தயங்கித் தயங்கிச் சொல்ல, "அதனால என்னங்க? நான் கணக்குல நூத்துக்கு நூறு. வீட்டுக்கு ஒருத்தர் போதாதா?" என்று ஒரே போடாகப் போட்டவர். அந்த நூற்றுக்கு நூறு, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்த மாதிரி, அன்று முதல் அந்த வீட்டில் இருந்துகொண்டே இருந்தது.

ஆகவே முதல் சந்தேகம் வந்ததும் அவள் அவரிடம்தான் போனாள். "என்னங்க, இந்தப் பின்னத்தைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

அவர் செல்போனை வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இதெல்லாம் நீயா முட்டி மோதிப் போட்டாத்தான் மண்டையில ஏறும். நான் சொல்லிக் குடுத்தா உனக்குத்தான் நல்லதில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒழுகாத குழாயை இறுக்குவதற்காக எழுந்து போனார்.

சரியென்று அவளே முட்டி மோதினாள். அதற்கு அருமையான வகுப்பறை ஒன்றும் வாய்த்தது. மருந்து வேலை செய்யும்வரை பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். பார்க்க ஆளில்லை. அவள் சுவரில் சாய்ந்து பாடத்தை ஓடவிடுவாள். காதில் எதையாவது மாட்டிக்கொண்டால் உள்ளே கூப்பிடுவது கேட்காது என்பதால் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வாள். ஆனால் கண்ணை மூடியவனுக்குக் காதை மூடத் தெரியுமா? "எக்ஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று டீச்சர் கேட்டால், பெஞ்சிலிருந்து ஏலம் ஆரம்பித்துவிடும்.

"நாலு!"

"நாலு எப்படி சார் வரும்? மைனஸ் நாலு!"

"யாருங்க அது, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, அந்தம்மா போடட்டும்."

பெரும்பாலும் எல்லாமே தப்பாக இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே தன் பதிலைப் போடுவாள். பின்னம் பச்சையானது. சதவீதம் பச்சையானது. எக்ஸைப் பிடித்திழுத்து ஒரு பக்கத்தில் தனியாக நிறுத்தும் வித்தை கைவந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இதற்காகவா அழுதோம் என்று இருந்தது. இருபடிச் சமன்பாடு என்று அடுத்து ஒரு பெரிய பூதம் நின்றது. அதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று தைரியம் வந்திருந்தது.

அங்கேதான் பிடித்தது சனி. ஒருநாள் காலை பாடத்தைத் திறந்தால், "பரவாயில்லை! கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போமா?" என்று சிரித்தது. பின்னத்தின் பச்சை காணாமல் போயிருந்தது. கை தவறி எதையோ தட்டிவிட்டோம் என்று நினைத்து, மறுபடி போட்டுப் பச்சையாக்கினாள். அந்த வாரமே திரும்பவும் பின்னம். அதையும் முடித்தாள். மறுபடியும் பின்னம். இவள் ஏற ஏற அது காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

மகளிடம் புலம்பினாள். மகள் அந்தப் பாடத்தை நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டாள். பதில் பணிவாக வந்தது: கோளாறு எதுவும் இல்லை, மாணவர் அளிக்கும் விடைகளின்படியே பாடம் அமைகிறது.

அந்த ஒரு வரி அவளை அப்படியே உட்கார வைத்துவிட்டது. இயந்திரத்தின் மேல் பழியைப் போட முடிந்தவரை கோபம் இருந்தது, தெம்பும் இருந்தது. இப்போது பழி தன் மண்டைக்கே வந்துவிட்டது. இன்று படித்தது நாளைக்குள் எங்கேயோ ஒழுகிவிடுகிறது போலிருக்கிறது என்று நம்ப ஆரம்பித்தாள். யாரும் இல்லாதபோது அழுதாள். வீட்டுக்காரர் "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "கண்ணுல தூசி" என்றாள். கண் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் சொல்லக்கூடிய பொய்யா அது?

வருஷக் கடைசி நெருங்கியது. வேறு யார் பெயரையாவது அனுப்பிவிடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள். காலை நோயாளிகள் போனதும் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அன்று காலை வந்த நோயாளிகளில் ஒருவர் அவளுடைய வீட்டுக்காரர். சில வாரமாகத் தலைவலி என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தவரை அவள்தான் வரச்சொல்லியிருந்தாள். மனிதர் இருட்டறைக்குள் போன வேகத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டார். தன் முறைக்காகக் காத்திருந்தபோதே, முன்னால் போனவர்கள் வாசித்த எழுத்துகளைக் கதவுக்கு வெளியே நின்று மனப்பாடம் செய்திருந்தார். உள்ளே இருந்த பெண் அட்டையை மாற்றிவிட்டாள். இவர் அதே பழைய எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தார். "சொட்டு போட்டே பார்த்துடலாம் சார்" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அனுப்பினாள் அந்தப் பெண்.

சொட்டக்கா கணவரின் கண்ணிலும் சொட்டினாள். "தொறக்கக் கூடாது" என்றாள், மற்றவர்களுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் கடுமையாகவே. பிறகு வழக்கமான சுவரில் சாய்ந்து, கடைசியாக ஒருமுறை பாடத்தைத் திறந்தாள். பின்னம்தான். வேறென்ன? டீச்சர் வந்தார்.

"பின்னம்னதும் பயமா?" என்று டீச்சர் கேட்டு வாயை மூடவில்லை, பெஞ்சிலிருந்து ஒரு குரல் அவரோடு சேர்ந்தே சொன்னது: "பயப்படாதீங்க கண்ணுங்களா, பின்னம் கடிக்காது!"

டீச்சர் சொன்ன அதே 'கண்ணுங்களா', அதே இழுப்பு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரர் மூடிய கண்களோடு, பாட்டுக் கேட்பவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அரையும் மூணுல ஒண்ணும் சேர்த்தா எவ்வளவு?" என்றார் டீச்சர்.

"அஞ்சுல ரெண்டு!" என்றார் அவர், யாரையும் முந்தவிடாமல். பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கமும் கொடுத்தார். "மேல உள்ளதை மேல கூட்டணும், கீழ உள்ளதைக் கீழ கூட்டணும். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, ரெண்டும் மூணும் அஞ்சு. அவ்வளவுதான் சார் விஷயம்."

அவள் மெதுவாக நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள்.

"டேப்லெட்டுல என்ன வரைபடம் பார்க்கறீங்க?"

அவர் கண்ணைத் திறக்கப் பார்த்தார்.

"தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

பெஞ்சே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "ஃப்ரிட்ஜுக் குழாயில காத்தை உறிய வேக்குவம் பம்பைப் போட்டுட்டா, அது ஓடி முடியற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கேன்... நீ அன்னிக்கு வந்து கேட்டியா, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கத்துக்கிட்டு வந்து டக்குன்னு உனக்குச் சொல்லிக் குடுத்துடலாம்னு பார்த்தேன். அது என்னடான்னா, எதைப் போட்டாலும் தப்பு தப்புங்குது. நானும் விடல."

"போனு, டேப்லெட்டு ரெண்டுலயும் ஓடறது என் பேர்ல இருக்கற ஒரே பாடம். நீங்க தப்பாப் போட்டா என் பச்சை போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெ..."

நின்றுவிட்டது. அவர் வாயில் வராத அந்த ஒரே வார்த்தை பாதி வழியில் மாட்டிக்கொண்டது.

"சொல்லுங்க."

"தெரியாது."

"அந்த நூத்துக்கு நூறு?"

"ஃபெயிலு" என்றார். "உன்னை மாதிரியேதான்."

பெஞ்சு முழுக்க வெடித்துச் சிரித்தது. மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள். மருந்தெல்லாம் வெளியே போகிறதே என்று அவள் கத்தினாள். கத்தியபடியே அவளும் சிரித்தாள், அழுதாள். இந்த மனிதனைக் கட்டிக்கொண்டு பட்ட பாடெல்லாம் மனசில் வந்து போனது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று ஜில்லென்று நின்றது: என் மண்டை ஒழுகவில்லை. எதுவுமே ஒழுகவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்ல இருந்ததை அவள் சொல்லவே இல்லை.

கண் விரிந்த நிலையில் அவரால் வண்டி ஓட்ட முடியாது. வேலை முடிந்ததும் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவரிடம், "அஞ்சுல ரெண்டு அரையைவிடக் குறைச்சல். அரையோட இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்தா எப்படிங்க குறையும்?" என்றாள்.

அவர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். "அட! எனக்கும் அங்கதான் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

ரெண்டையும் ஆறு துண்டாக வெட்டிக்கொண்டால் அரை என்பது மூன்று துண்டு, மற்றது இரண்டு துண்டு, ஆக ஆறில் ஐந்து என்று சிக்னலில் காத்திருக்கும்போது சொல்லிக்கொடுத்தாள். மூன்று தெரு தாண்டுவதற்குள் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார் போலிருந்தது.

மகள் டேப்லெட்டில் அப்பா பெயரிலேயே தனியாக ஒரு பாடம் போட்டுக்கொடுத்தாள். அம்மாவின் பச்சைகள் அதன்பின் எங்கும் ஓடிப்போகவில்லை. இருபடிச் சமன்பாடு பயமுறுத்தியது. பெஞ்சு ஏலம் போட்டது. அவள் போட்டு முடித்தாள். தேர்வுக்கூடத்தில் முதல் கேள்வியே பின்னம். இத்தனை முறை அதற்குள் தள்ளப்பட்டவளுக்கு அது ஒரு பொருட்டா? தேறினாள். டாக்டரம்மா அவள் பெயரை அனுப்பினார்.

பயிற்சியில், பரிசோதித்துப் பழக ஆள் கூட்டிவரச் சொன்னார்கள். அவள் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தாள். வெள்ளைக் கோட்டோடு இருட்டறைக்குள் நின்று, கனமான சட்டத்தை அவர் மூக்கில் பொருத்தி, ஒரு கண்ணாடியைச் செருகினாள். எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினாள்.

"இதுவா, இதுவா? எது தெளிவு?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒன்றை அடித்துவிடப் போகிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அட்டையைப் பார்த்தார், அவள் இருந்த திசையைப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார். "இன்னொரு தடவை போட்டுக் காட்டு."

சான்றிதழ் கைக்கு வந்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் கண்ணாடியை எடுத்து மறுபடியும் போட்டாள்.